காய்க்காத மாமரத்துக்கு ஒரு கோடாலி

சீமையில் சண்டை மூள்வதற்கு முந்தைய வருஷங்கள். பாளையங்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் வீட்டைவிடப் பெரிய தோட்டம் இருந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீட்டுக்காரர் விறகுக்கடை அண்ணாச்சி. எந்த மரத்தைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் அடிமரத்தின் சுற்றளவுக்குத்தான் போகும். பூவும் தளிரும் அவருக்குத் தூசி.

தோட்டத்தில் ஒரு மாமரம். ஆள் கட்டிப்பிடித்தால் கைகள் சேராது. ஒரு வருஷமும் காய்த்ததில்லை. "வெட்டிட்டு ரெண்டு தென்னம்பிள்ளை வைக்கலாம் வே," என்பார் அண்ணாச்சி, வரும்போதெல்லாம். என் மனைவி அப்போது அடுப்படிக்குள் போய்விடுவாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. அவளைப் பற்றியும் என் சொந்தக்காரர்கள் சிலர் எனக்கு ஏறக்குறைய இதே யோசனையைத்தான் சொல்லியிருந்தார்கள். அந்த மரம் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அந்தத் தோட்டத்தில் அவள் எதையும் கேட்டதில்லை.

மற்றபடி வேலைக்குக் குறைவில்லை. எனக்கோ ஒரு மாதத்தில் நின்றுகொண்டு அடுத்த மாதத்தை எட்டிப்பார்க்கிற மனசு. ஆனியில் மலைப்பக்கமிருந்து சாரல் காற்று வரும்போதே ஆடிக்கு விதைக்கவேண்டிய அவரையை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். ஆடிக் காற்றில் முருங்கை ஒடியும். ஒடிந்த கொம்பையே வேலியோரம் ஊன்றினால் ஆவணியில் கண் திறக்கும். புரட்டாசி முழுக்கக் கோரை பிடுங்குவோம். நாங்கள் பிடுங்குவோம், அது வளரும்; இரு தரப்பும் சளைக்கவில்லை. ஐப்பசி மழையில் தோட்டம் குளமாகும். மண்வெட்டியோடு போய்த் தண்ணீருக்கு வழி கீறிவிட்டு நிமிர்ந்தால், காலடியில் வானம் கலங்கலாக ஓடிக்கொண்டிருக்கும். மார்கழியில் அவரைப் பந்தல் ஊதாவாகப் பூக்கும். அந்த மாதம் நான் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போவேன். பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கும். கூட்டி முடித்துத் திரும்பினால் முதலில் கூட்டின இடம் மூடியிருக்கும். சித்திரையில் கிணறு தூர் வாரி, குளத்து வண்டல் ஒரு வண்டி வரவழைத்து மரங்களுக்குப் போடுவோம். மாமரத்துக்கு மட்டும் அவள் தன் கையாலேயே போடுவாள். மரம் தின்றுவிட்டுச் சும்மா நிற்கும்.

ஒரு மார்கழிக் கடைசியில் அவள் சொன்னாள்: "எங்க ஊர்ல காய்க்காத மரத்தைக் கோடாலி காட்டி மிரட்டுவாவ. ஒரு ஆளு வெட்டப் போவணும், இன்னொரு ஆளு குறுக்க விழுந்து மறிக்கணும். மரம் பயந்து பூத்துரும்."

"நாம சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க. உபதேசியார் கேட்டா என்ன சொல்லுவாரு?"

"அவரு வீட்டு மரம் காய்க்குது. அவருக்கென்ன?"

எங்களிடம் கோடாலி இல்லை. விறகுக்கடையில் போய் இரவல் கேட்டேன். "எதுக்கு வே?" என்றார் அண்ணாச்சி. மரத்தை மிரட்டப் போகிறேன் என்று ஒரு வாத்தியார் நாலு பேர் நடுவில் எப்படிச் சொல்வது? "மாமரத்துக்கு," என்றேன். அவர் நாலைந்து கோடாலிகளின் வாயைத் தடவிப் பார்த்து, இருப்பதிலேயே கூரானதை எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மரத்தின் முன் நின்று கோடாலியை ஓங்கினேன். "காய்ப்பியா, மாட்டியா?" வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லும் குரல்தான் வந்தது. அவள் ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டாள். "வெட்டாதிய, வெட்டாதிய! இந்த வருசம் காய்ச்சிரும், நான் ஜாமீன்!" சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு பொத்துக்கொண்டது.

"நீ சிரிச்சா மரம் நம்புமா?"

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். அதிலும் சிரித்தாள். கோடாலியின் பின்பக்கத்தால் மரத்தை லேசாகத் தட்டி, ஒருவழியாக முடித்தோம்.

மறுநாள் காலை அண்ணாச்சி வந்தார். பின்னால் ரம்பத்தோடு இரண்டு பேர், கயிறு, மாட்டுவண்டி.

"ஒத்தக் கோடாலிய வச்சிக்கிட்டு நீரு எப்பம் வெட்டி முடிக்க? அதான் ஆளோட வந்தேன். எப்படியோ உமக்கும் புத்தி வந்திச்சே."

அதற்குள் ஒருவன் கயிற்றோடு மரத்தில் ஏறிவிட்டான். அடுப்படியிலிருந்து அவள் வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகப் போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"வெட்டாதிய. இந்த வருசம் காய்ச்சிரும். நான் ஜாமீன்."

முந்தைய நாள் சொன்ன அதே வார்த்தைகள். சிரிப்பு இல்லை. கைகள் சேராததால் பட்டையை நகத்தால் பற்றியிருந்தாள்.

"அண்ணாச்சி, நான் கோடாலி வாங்கினது வெட்டுறதுக்கு இல்ல. மிரட்டுறதுக்கு," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேதக்காரரு, படிச்சவரு. நீருமா இதெல்லாம் செய்வீரு?"

"செய்தேன்."

"சத்தமா மிரட்டினீரா?"

"சுமாரா."

அவர் மரத்தைப் பார்த்தார். அதைவிட அதிக நேரம் அவளைப் பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை. "லே, பைய இறங்குலே," என்று மேலே இருந்தவனிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வாடகைக்கு இருக்குத ஆளு மிரட்டினா மரம் எப்படி வே மதிக்கும்? இப்பம் சொந்தக்காரன் வந்திருக்கேன், ரம்பம் வந்திருக்கு, வண்டி வந்திருக்கு. இதுக்கும் பயப்படலேன்னா அது மரமே இல்ல." போகும்போது மரத்தை நோக்கி விரலை ஆட்டினார். "மாசி வரைக்கும் பாப்பேன்."

தை முழுக்க அவள் பல் தேய்ப்பதும் அந்த மரத்தடியில்தான். மாசியில் கிழக்குக் கொம்பில் மட்டும் பூ வந்தது. மற்றக் கொம்புகள் யோசித்துக்கொண்டிருந்தன. அண்ணாச்சி சொன்னபடி வந்து அண்ணாந்து பார்த்தார். "பூவா வே இது? தூசி மாதிரில்லா இருக்கு."

"தூசிதான் அண்ணாச்சி. காய்க்கும்," என்றாள் அவள்.

காய்த்தது. பழுத்த பிறகும் புளித்தது. ஊறுகாய் போட்டு விறகுக்கடைக்கு ஒரு ஜாடி அனுப்பினாள். அண்ணாச்சி ஜாடியைக் கழுவித் திருப்பி அனுப்பினார். மரத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

அந்த வீட்டில் இருந்தவரை ஒவ்வொரு மார்கழியிலும் கோடாலி இரவல் வாங்கப் போனேன். "மிரட்டவா, வெட்டவா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் கொடுப்பார். அவளும் தவறாமல் வந்து மறிப்பாள். ஆனால் அந்த முதல் சாயங்காலத்துச் சிரிப்பு மறுபடி வரவில்லை. நான் கோடாலியை ஓங்குவதற்கு முன்பே அவள் கைகள் மரத்தைச் சுற்றியிருக்கும்.