தொட்டி வண்டியில் ஏறிய கனம்

வேங்கிக்காலில் மாடியோடு நிற்கிற என் வீடு நான் கட்டியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற வெல்டிங் பட்டறை நான் வைத்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பாதிப் பேர் வீட்டு இரும்பு கேட் என் கையால் அடித்தது. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னைப் பார்த்து இவன் மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லை என்றார், அன்றைக்கே சிலேட்டை அவர் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தவன், மறுபடி அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போனது அதற்கு கிரில் போட்டுக் கொடுக்கத்தான். இது எல்லாவற்றையும்விடப் பெரிதாக நான் செய்தது ஒன்று உண்டு. எழுபதுகளின் கடைசியில் இந்தத் திருவண்ணாமலையில், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியைச் சேர்த்து, அதில் ஆளை உட்கார வைத்து, ஊரையும் மலையையும் சுற்றிக் காட்டிய முதல் ஆள் இந்த ஏகாம்பரம். இரண்டாவது ஆள் கிடையாது.

இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம், நான் நிழலைப் பார்த்து அலறுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். பேய், பிசாசு, அருள்வாக்கு, எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசுவேன், அத்தோடு சரி. இரும்பைக் காய்ச்சினால் சிவக்கும், அடித்தால் வளையும், கனம் வைத்தால் இறங்கும், கனத்தை எடுத்தால் எழும்பும், எனக்குத் தெரிந்த சாஸ்திரம் இவ்வளவுதான். அந்த சாஸ்திரம் ஒரே ஒரு நாள் பொய்த்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம், விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

மெட்ராஸ் போயிருந்தபோது கடற்கரைச் சாலையில் ஒரு வெள்ளை மீசைக்காரர் தன் சம்சாரத்தைப் பக்கத்துத் தொட்டியில் உட்கார வைத்து ராஜா மாதிரி போனதைப் பார்த்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆற்காட்டுப் பக்கம் ஓர் அரிசி மில்லில், பட்டாளத்தில் ஏலம் விட்ட வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். சீட்டின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று சொல்வேன், உண்மையில் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன், ஆனால் ஓட வைத்தது நான்தான். டிரம் தகட்டை வெட்டித் தொட்டி, ஸ்கூட்டர் சக்கரம், பட்டை ஸ்பிரிங், உட்காரப் பிரம்பு மெத்தை, வெயிலுக்கு மடக்குகிற கூரை. எல்லாம் என் பட்டறையில், என் கையால்.

நம் நாட்டில் இந்தத் தொட்டியை இடப்பக்கம்தான் மாட்டுவார்கள். நான் வலப்பக்கம் மாட்டினேன். காரணம் சுலபம். மலையை வலம் வரும்போது மலை வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கத் தொட்டியில் உட்கார்ந்தவன் மலையைப் பார்ப்பானா, என் முழங்காலைப் பார்ப்பானா? மெட்ராஸிலிருந்து வந்த பருத்த சேட்டுகள், தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரர்கள், கல்யாணமான புதுசில் வருகிற ஜோடிகள், எல்லோரும் அந்தத் தொட்டியில் உட்கார்ந்து தலையைத் திருப்பாமலே மலையைப் பார்த்தார்கள். முதலில் ராஜகோபுரம், அப்புறம் தேரடி, அங்கிருந்து மலை சுற்றுகிற பாதை, ஒவ்வொரு லிங்கத்துக்கும் நிறுத்தி நானே கதை சொல்வேன், கதை தெரியாத இடத்தில் நானே கட்டியும் சொல்வேன்.

ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. மலை சுற்றுகிறவன் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும், மலையை ஒட்டிய வலது ஓரம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடக்கிற பக்கம், அதை விட்டுக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. என் வண்டி அகலம், தொட்டிச் சக்கரம் அந்தப் பக்கத்தில்தான் உருளும். பாதையில் மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலை ஊரில் மோர் விற்றுக்கொண்டிருந்த கன்னியம்மா என்னைப் பார்த்தாலே விடமாட்டாள். ஊதினால் பறக்கிற உடம்பு, ஆனால் வாய் அந்தத் தெருவையே அடக்கும்.

"இன்னாண்ணே, சாமி நடக்கிற பக்கத்துல சக்கரத்த உட்டுக்கினு போற? யாருனா சித்தர் மேல ஏத்திடப் போற!"

"ஹாரன் அடிச்சிக்கினுதான் போறேன், அவருக்குக் காது கேக்கும் இல்ல?"

"உனுக்குக் கொழுப்பு ஜாஸ்திண்ணே. ஒரு நாளைக்கு அவரு அடிப்பாரு ஹாரன்."

இப்படியே மோர் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வருவேன்.

ஒரு சங்கதி மட்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும். வலப்பக்கம் தொட்டி இருக்கிற வண்டி வலப்பக்கம் திரும்பினால், தொட்டியில் கனம் இல்லாவிட்டால் அது தரையை விட்டு எழும்பும். வேகம் கூடினால் வண்டியே இடப்பக்கம் கவிழும். மலை சுற்றுகிற பாதையில் திருப்பம் எல்லாம் வலப்பக்கம்தான். அதனால் ஆள் இல்லாதபோதும், ஒல்லியான ஆள் ஏறும்போதும், தொட்டிக்குள் ஒரு மணல் மூட்டை போட்டுக்கொள்வேன். சேட்டு மாதிரி கனத்த ஆள் உட்கார்ந்தால் மட்டும் ஸ்பிரிங் நன்றாக இறங்கி, சக்கரத்தின் மேல் தகடு டயரில் உரசிக் கர் கர் என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்தே ஆளின் எடையைச் சொல்லிவிடுவேன்.

அந்த நாள் சித்திரை மாதம், உச்சி வெயில். பாதையில் ஒரு காக்காய் இல்லை. அடி அண்ணாமலையில் கோயில் பார்க்க ஓர் ஆளை இறக்கிவிட்டு மணல் மூட்டையோடு திரும்பிக்கொண்டிருந்தேன். கன்னியம்மாவின் மாமியார் முனியம்மா மாராப்பு நழுவுவதுகூடத் தெரியாமல் நடு ரோட்டில் ஓடி வந்து வண்டியை மறித்தாள்.

"நைனா, நிறுத்து நைனா! கன்னியம்மாளுக்கு வலி வந்துடுச்சி. கொழந்த குறுக்க கெடக்குதாம், மருத்துவச்சி என்னால ஆவாதுன்னு கைய விரிச்சிட்டா. போன தடவ ஒண்ணு தங்கல. இதுவும் போச்சின்னா அவளும் போயிடுவா நைனா!"

புருஷன்காரன் செங்கல் சூளைக்குப் போயிருக்கிறான். பஸ் இல்லை, மாட்டு வண்டியில் போனால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். நான் யோசிக்கவில்லை. மணல் மூட்டையைத் தூக்கி வெளியே போட்டேன், இல்லாவிட்டால் அவளுக்குக் கால் நீட்ட இடமில்லை. நானும் முனியம்மாவும் கன்னியம்மாவைத் தூக்கித் தொட்டியில் சாய்த்து உட்கார வைத்தோம். அவள் முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. வாயைத் திறந்தால் தெருவை அடக்குகிறவள் பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டி விளிம்பைப் பிடித்திருந்தாள். முனியம்மா என் பின்னால் ஏறப் பார்த்தாள். "நீ ஏறினா அந்தப் பக்கம் தூக்கிடும், வாணாம், பின்னால வண்டி புடிச்சி வா" என்று சொல்லிவிட்டு முடுக்கினேன்.

ஊரை விட்டு வெளியே வந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. கர் கர்.

முதலில் ஸ்பிரிங் உடைந்துவிட்டதென்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். உடையவில்லை, கீழே அழுந்தி இருந்தது. அந்த ஒல்லிப் பெண்ணுக்கு அது பாதிகூட இறங்கக் கூடாது. ஹேண்டில் வேறு வலப்பக்கம் இழுத்தது, கனத்த ஆள் உட்கார்ந்தால் இழுக்குமே அதே மாதிரி. அப்போது கன்னியம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"ண்ணா, இவர கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுண்ணா. நெருக்குறாரு."

"யாரும்மா?"

"இவருதான். பெரியவரே, தள்ளி உக்காருங்க, வயித்துப் புள்ளக்காரி தெரியல?"

வலியில் புலம்புகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். தொட்டியில் அவள் ஒருத்திதான். ஆனால் இடப்பக்கமாக, என் பக்கமாக ஒதுங்கி, பஸ்ஸில் பக்கத்தில் ஆள் இருந்தால் பெண்கள் உடம்பைக் குறுக்கிக்கொள்வார்களே, அப்படி இருந்தாள். மலைப் பக்கத்துப் பாதி மெத்தை காலி. அந்தக் காலி மெத்தை குழிந்து கிடந்தது. பிரம்பு மெத்தை பின்னியது நான், அது எப்போது குழியும் என்று எனக்குத் தெரியாதா? அந்த வெயிலில் என் முதுகு குளிர்ந்துபோனது. ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாயு லிங்கம் தாண்டி ஒரு வலப்பக்க வளைவு. புளியமரம் மறைக்கும், கிட்டே போனால்தான் எதிரில் இருப்பது தெரியும். நான் முழு வேகத்தில் வளைவுக்குள் போய்விட்டேன். அங்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொடி ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று அச்சு முறிந்து இடது ஓரத்தை அடைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தது. பிரேக் போட்டால் நேராக அதன் மேல். ஹேண்டிலை வலப்பக்கம் ஒடிப்பதைத் தவிர வழியில்லை, அந்த வேகத்தில் வலப்பக்கம் ஒடித்தால் தொட்டி ஆகாயத்துக்குப் போகும், வண்டி புரளும், மூன்று உயிர் போகும். தெரிந்தே ஒடித்தேன். வேறு என்ன செய்வது?

தொட்டி எழும்பவில்லை. ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. மலை ஓரத்து மண்ணில் சக்கரம் உழுதுகொண்டு போனது, தகடு டயரில் உரசிக் கத்தியது, மாட்டு வண்டி என் இடது முழங்காலைத் தொட்டும் தொடாமல் பின்னால் போனது. அதே வளைவில் கன்னியம்மா "விழுந்துடப் போறாரு, விழுந்துடப் போறாரு" என்று கத்தினாள். என்னைச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். அப்புறம் ஆஸ்பத்திரி வாசல் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

வாசலில் இரண்டு ஆயாக்கள் ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். நான் வண்டியை நிறுத்தி இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்தேன். தொட்டி காலி. ஆனால் ஸ்பிரிங் இன்னும் அழுந்தியே இருந்தது. பார்த்துக்கொண்டே நிற்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து, கிறீச் என்று ஒரு சத்தம், தொட்டி மலைப் பக்கமாகக் கொஞ்சம் சரிந்து, ஓர் ஆள் காலை ஊன்றி இறங்கினால் ஆடுமே, அதே ஆட்டத்தோடு எழும்பி நின்றது. பக்கத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். பட்டப்பகல் ஐயா. கனவு காண்கிற நேரமா அது?

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரையும் வெள்ளைத் துணியில் சுற்றித்தான் கொடுத்திருப்போம் என்று பிரசவம் பார்த்த டாக்டரம்மா முனியம்மாவிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

குழந்தைக்குத் தலை நிற்கிற காலத்தில் கன்னியம்மா அதைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தாள். பழைய வாய் திரும்பியிருந்தது. "உன் தொட்டியில இனிமே நான் ஏற மாட்டேண்ணே, இடுப்பு போச்சி" என்றாள். நான் சும்மா கேட்கிற மாதிரி, அன்றைக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"யாருன்னு எனக்கு இன்னா தெரியும்? நீதான் ஏத்திக்கினு வந்த ஆளுன்னு நெனச்சேன். வெத்து உடம்பு, கோவணம், நல்ல கனம். பேசவே இல்ல. ஆனா ஒண்ணுண்ணே, ஒவ்வொரு திருப்பத்துலயும் பாதி உடம்ப வெளிய போட்டு மலைப் பக்கமா சாயுறாரு. அந்தப் புளியமரத்தாண்ட தல தரையில தட்டற மாதிரி தொங்கினாரு. விழுந்துடுவாருன்னு நான் கத்துறேன், நீ பாட்டுக்கு ஓட்டுற."

நான் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

வலப்பக்கம் திரும்பும்போது தொட்டியில் இருக்கிற ஆள் வெளியே, வலப்பக்கமாகச் சாய வேண்டும். சாய்ந்தால் தொட்டி எழும்பாது. அதுதான் இந்த வண்டியின் வித்தை. அதை நான் கண்டுபிடித்தது தனியாக, விடிகாலையில், வெறும் மைதானத்தில், ஓட்டிக்கொண்டே நானே அந்தப் பக்கம் உடம்பைப் போட்டுப் பார்த்து. யாரிடமும் சொன்னதில்லை. சேட்டுகளிடம் சொன்னதில்லை, என் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் தொட்டி எழும்பும் என்று தெரிந்துவிடும், அப்புறம் யார் ஏறுவார்கள்? மோர் விற்கிற பெண்ணுக்கு அது தெரிய வழியில்லை. கோவணம் கட்டிய கிழவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இத்தனை வருஷத்தில் எனக்குப் பதில் கிடைக்காத கேள்வி இது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்தச் சாய்வுக்கு மட்டும் சொல்ல முடியவில்லை.

கன்னியம்மாவின் புருஷன் அந்த வளைவில் ஒரு கல் நட்டான். மஞ்சள் துணி கட்டி, சித்திரையில் பொங்கல் வைக்கிறார்கள். இப்போது பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் நின்று கற்பூரம் ஏற்றுகிறது, பிள்ளை வேண்டுகிறவர்கள் தொட்டில் கட்டுகிறார்கள். பாதையோரக் கடைகளில் விற்கிற ஒரு சின்னப் புத்தகத்தில் கதையைப் போட்டும் விட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். சித்தர் பெருமான் கர்ப்பிணியைக் காப்பாற்றினாராம், எப்படியென்றால், 'அவ்வழியே வந்த ஒரு வண்டியில்' ஏற்றிக்கொண்டு போனாராம்.

ஒரு வண்டியில்! அந்த வண்டி தானாக வந்ததா? தகட்டை வெட்டியது யார், மணல் மூட்டையைத் தூக்கிப் போட்டது யார், மூன்று உயிர் போகும் என்று தெரிந்தே ஹேண்டிலை ஒடித்தது யார்? சித்தரை நான் குறை சொல்லவில்லை, அவர் செய்ததை யாராலும் செய்ய முடியாது, நானே கும்பிடுகிறேன். ஆனால் அவர் சாய்ந்தார், அவ்வளவுதான். ஓட்டியது வேங்கிக்கால் ஏகாம்பரம். அடுத்த தடவை அந்தப் புத்தகத்தை அச்சுப் போடுகிறவர்கள் இதைச் சேர்த்துப் போட வேண்டும். கல்லிலும் வெட்ட வேண்டும். அவர் பேர் யாருக்கும் தெரியாது, அதனால் இடம் தாராளமாக இருக்கிறது, என் பேரை முழுசாகவே வெட்டலாம்.