இரண்டு வீட்டுக் கிணறு

என் வீட்டு செப்டிக் டேங்குக்கு அடித்தளம் பூசியிருக்கிறது என்று ஒரு பொய் சொன்னேன். கேட்டவன் என்னிடம் வேதியியல் படித்தவன். எங்கள் பேரூராட்சிக்குச் சுகாதார ஆய்வாளராக வந்திருந்தான். சொன்னது தன் வாத்தியார் என்பதால் மூடியைத் திறந்து பார்க்காமல் போய்விட்டான். அந்தத் தொட்டிக்கு அடித்தளமே கிடையாது. அதில் விழுந்ததெல்லாம் நேரே மண்ணுக்குள் இறங்கி, நாங்களும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து இறைத்த கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதுவும் எனக்கு அப்போதே தெரியும்.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே, ஆற்றிலிருந்து பிரியும் கால்வாயை ஒட்டியது எங்கள் ஊர். தெருவில் வீடுகள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும். அகலம் குறைவு, நீளம் அதிகம். இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு என்று அந்தக் காலத்தில் வெட்டியிருக்கிறார்கள். பின்புறம் இரு வீட்டுக்கும் பொதுவான மதில் வந்து, கிணற்றின் வாயை வளைவாகத் தாண்டி, மறுபடி தரையில் இறங்கிப் போகும். கிணற்றில் ஒரு பாதி எங்களுக்கு, மறுபாதி அவர்களுக்கு. மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி.

காலையில் என் மனைவி இந்தப் பக்கம் நின்று இறைப்பாள். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மதினி இறைப்பாள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும் கிணற்றுக்குள் இறங்கி, தண்ணீரில் பட்டு, கொஞ்சம் கனத்துத் திரும்பி வரும். என்ன குழம்பு என்பதில் தொடங்கி என் மகனுக்குப் பெண் பார்த்த கதை வரை அந்தக் கிணற்றடியில்தான் பேசி முடித்தார்கள். சில நாள் இரண்டு வாளியும் கீழே மோதிக்கொள்ளும். உடனே இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பு கேட்டால் மணி ஆறாகிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

ஒரு தடவை என் மனைவியின் கம்மல் உள்ளே விழுந்துவிட்டது. மதினியின் கணவர் அண்ணாச்சி, ஊர்ச் சந்தியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கோடையில் தண்ணீர் இறங்கியிருந்த சமயம் பார்த்து அவரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கம்மல் அவர்கள் பாதியில் சேற்றில் கிடந்தது. மேலே வந்தவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரவில்லை.

"உங்க பாதியில விழுந்தது எங்க பாதியில கெடந்தா, அது எங்களுக்குத்தானவே சார்வாள்?" என்றார். மதினி அதட்டிய பிறகுதான் கொடுத்தார்.

கார்த்திகையில் கால்வாய் ஓடும்போது தண்ணீர் கை எட்டும் உயரத்துக்கு வந்துவிடும். பங்குனியில் கயிறு போதாமல் முடிச்சுப் போட வேண்டியிருக்கும். எந்த மாதமானாலும் ருசி மாறாது. தை மாதம் பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். இரண்டு வீட்டு வாசலிலும் பானை வைப்போம். ஒருவர் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சுற்று வழியானாலும் இந்தத் தெரு வழியாகத்தான் போவேன் என்று வருஷா வருஷம் வருவார். சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேனில் பிடித்துக்கொண்டு போவார்கள். இப்போது எழுதும்போதும் அந்தத் தண்ணீர் நாக்கில் தெரிகிறது.

நாங்கள் பழைய எடுப்புக் கக்கூஸை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியது என் மகன் கல்யாணத்துக்கு முன்னால். தொட்டிக்குக் குழி வெட்டிச் சுவர் எழுப்பிய பிறகு கொத்தனார் என்னைக் கூப்பிட்டார். அடி பூசணுமா, மண்ணாகவே விட்டுவிடவா என்று கேட்டார். பூசாமல் விட்டால் காலத்துக்கும் நிரம்பாது, திறக்கவே வேண்டாம் என்றார். விட்டுவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அது ஒரு பெருமை. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தால்கூட, டேங்க் கட்டியதிலிருந்து ஒருநாளும் நிரம்பியதில்லை என்று சொல்லிக் காட்டுவார்கள். நிரம்பாத தொட்டியில் போடுவதெல்லாம் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. வேதியியல் வாத்தியாரும் கேட்கவில்லை. தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு துவைகல்லும் ஒரு வாழைக் கூட்டமும்தான். அந்த வாழை அதற்குப் பிறகு கறுப்பாகத் தெரியும் அளவுக்குப் பச்சையாக வளர்ந்தது. தார் இரண்டு ஆள் தூக்க வேண்டியிருந்தது. அதையும் தெருவுக்கெல்லாம் பங்கு வைத்தோம்.

நான் ஓய்வு பெற இருந்த வருஷம் பள்ளி ஆய்வகத்தில் நைட்ரேட் சோதனை செய்து காட்டினேன். நைட்ரேட் உப்புக் கரைசலில் பழுப்பு வளையம் வரும், வெறும் தண்ணீரில் வராது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவது வழக்கம். அன்று காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. என் குடிதண்ணீர் பாட்டிலில் இருந்ததை ஊற்றினேன். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அமிலத்தைச் சோதனைக் குழாயின் ஓரமாக வழியவிட்டதும் அதிலும் வளையம் வந்தது. மங்கலாகத்தான், ஆனால் வளையம். குழாய் சரியாகக் கழுவவில்லை என்று பையன்களிடம் சொன்னேன். எல்லோரும் போன பிறகு கழுவிய குழாயில் மறுபடி செய்து பார்த்தேன். மறுபடி வந்தது.

மனிதக் கழிவில் இருக்கும் நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரில் கரைந்துவிடும். நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் மாறாது. ஆற்றில் கலந்தால் அமலைச் செடியை, அந்த ஆகாயத்தாமரையை, ஊட்டி வளர்த்துத் துறைகளை மூடும். கிணற்றில் கலந்தால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. பெரியவர்கள் குடித்துவிட்டு நடமாடிக்கொண்டிருப்பார்கள். கைக்குழந்தைக்குக் கொடுத்தால் இரத்தம் காற்றைச் சுமக்கும் சக்தியை இழந்து, உடம்பு நீலம் பாரிக்கும். இதையெல்லாம் வகுப்பில் நடத்தியவன் நான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சிறுநீரகத்தில் கல் என்றும், டாக்டர் குழாய்த் தண்ணீர்தான் குடிக்கச் சொன்னார் என்றும் மனைவியிடம் சொன்னேன். அவளையும் அதையே குடிக்க வைத்தேன். அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்து, இவுகளுக்குக் கல்லாம் என்று சொன்னாள். மதினி பாவம் என்றாள். வாழைத்தண்டு வெட்டிக் கொடுத்துவிட்டாள். அவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் யார் வீட்டுத் தொட்டி என்ற கேள்வி வரும். அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் ஏதும் இருந்ததா என்று பல வருஷம் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

என் மனைவி இருதய நோயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் பேரூராட்சியில் தொட்டிகளைப் பார்வையிடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூடியைத் திறந்து, அடித்தளம் இருக்கிறதா, கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தெருவில் முதல் வீடு என் வீடு. ஆய்வாளராக வந்திருந்த என் மாணவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தான்.

"என்னலே, பெரிய ஆபீசராயிட்டு இன்னும் வகுப்புல நிக்க மாதிரி நிக்கே?" என்றேன்.

சிரித்தான். "சார் வீட்டுல வந்து மூடியத் திறங்கன்னு சொல்ல ஒரு மாதிரி இருக்கு சார். அடி பூசியிருக்குல்லா?"

"பூசியிருக்குப்பா."

"நீங்க சொன்னா போதும் சார்," என்று காப்பி குடித்துவிட்டுப் போனான்.

அடுத்த வீட்டில் திறக்கச் சொன்னபோது, சார்வாள் வீட்டில் திறந்தீர்களா என்று கேட்டார்கள். அதற்கடுத்த வீட்டிலும் அதே கேள்வி. வாத்தியார் வாக்குக்கு ஒரு மரியாதை, எங்கள் வாக்குக்கு ஒரு மரியாதையா என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். எங்கள் தெருவில் ஒரு மூடியும் திறக்காமல் பார்வையிடல் முடிந்தது.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பேரன் பிறந்தான். தாய்ப்பால் போதவில்லை, மாவுப்பால் கரைத்துக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு காலையில் அந்தப் பக்கத்துக் கப்பி சத்தம் கேட்டு, என்ன மதினி இவ்வளவு சீக்கிரம் என்று மதிலைப் பார்த்துக் கேட்டேன்.

"பிள்ளைக்குப் பால் கரைக்கத்தான். குழாத்தண்ணி மருந்து வாடை அடிக்கு. நம்ம தண்ணி மாதிரி வருமா?" என்றாள்.

கடைக்குப் போய்த் தண்ணீர்க் கேன் இரண்டு வாங்கி அவர்கள் வீட்டுக்கு அனுப்பினேன். நேரில் சொல்லத் துணிச்சல் இல்லாதவன் செய்யும் வேலை அது. கிணறு இருக்கும்போது கேன் எதற்கு, வாத்தியாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று அண்ணாச்சி அதில் கால் கழுவினார். மறுபடி கப்பி சத்தம் கேட்டது. சட்டையைக்கூட மாட்டாமல், துண்டோடு வாசல் வழியாகச் சுற்றி அவர்கள் அடுக்களைக்குப் போய் நின்றேன்.

"மதினி, அந்தத் தண்ணியப் பிள்ளைக்குக் கொடுக்காதிய."

"கொதிக்க வச்சுத்தான் குடுக்கேன்."

"கொதிக்க வச்சா இன்னும் கூடும். என் டேங்குக்கு அடி கிடையாது. அது பூராம் கிணத்துல வருது."

அண்ணாச்சி பின்னாலிருந்து சிரித்தார். "இந்தத் தெருவுல யாரு வீட்டுக்குவே அடி இருக்கு?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்வக வளையம், குழந்தையின் இரத்தம், நீலம், எல்லாம். சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு நின்றது. மதினி அடுப்பை அணைத்தாள். கரைத்து வைத்திருந்த பாலை முற்றத்தில் ஊற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் பெரும்பாலும் குரலாகவே தெரிந்தவள்.

"கல்லுன்னு சொல்லிக் குழாத்தண்ணிக்கு மாறுனியளே. இதுக்குத்தானா?"

"ஆமா."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவகிட்டயும் கல்லுன்னுதான் சொன்னேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சி கதவைக் காட்டினார். "பைய வெளிய போம்," என்றார். அவர் என்னைச் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றே குழந்தையைத் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, தண்ணீரை மாற்றுங்கள் என்று டாக்டர் சொன்னதாக வேறொருவர் மூலம்தான் எனக்குத் தெரிந்தது. மகள் தாய் வீட்டில் இருக்க வேண்டிய மாதங்கள் முடியும் முன்பே பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். பேரன் தவழ்வதைப் பார்க்க வேண்டும் என்று மதினி வாங்கி வைத்திருந்த கோரைப்பாய் அவர்கள் வாசலில் சுருட்டியபடியே சாத்திக் கிடந்தது.

நான் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். என் மாணவன் எழுந்து நின்றான். என் தொட்டியைத் திறந்து பார், தெருவே பார்க்கும்படி திற என்றேன்.

"அன்னைக்கு நீங்க இல்லன்னு சொல்லியிருந்தா, உங்க வீட்டுல தொடங்கித் தெரு பூராவும் திறந்திருப்பேன் சார்," என்றான். "உங்க பேரச் சொல்லித்தான் எல்லாரும் என்னத் திருப்பி விட்டாவ."

திறந்தார்கள். உறிஞ்ச வந்த லாரிக்காரருக்கு உறிஞ்ச ஒன்றும் பெரிதாக இல்லை. அடியில் கறுத்த மண் தெரிந்தது. அதை அள்ளி அப்புறப்படுத்தி, குழியை மூடி, கிணற்றை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, வீட்டு முன்பக்கம் அடியும் பக்கமும் பூசிய தொட்டி கட்டினேன். அதிலிருந்து வழியும் நீருக்கு அவன் சொன்னபடி கல்வாழைப் பாத்தி. வாழைக் கூட்டத்தையும் வெட்டிவிட்டேன்.

என் வீட்டில் திறந்த பிறகு மற்ற வீடுகளில் மறுக்க முடியவில்லை. பாதி வீட்டுக்கு மேல் அடியில்லை. சிலர் மாற்றிக் கட்டினார்கள். சிலர் இன்னும் தவணை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருந்த இடத்தில் நிம்மதியாக இருந்தவர்களைக் கிளறிவிட்டேன் என்ற கோபம் தெருவில் இருக்கிறது. டீக்கடையில் எனக்கு 'அடியில்லாச் சார்' என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது எதிரிலேயே சொல்லி, உட்கார இடமும் தருகிறார்கள். அண்ணாச்சி அந்தக் கடைக்கு வருவதை விட்டுவிட்டார்.

வருஷத்துக்கு ஒருமுறை அலுவலகத்திலிருந்து கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கிறார்கள். நைட்ரேட் குறைகிறது, ஆனால் மண்ணில் ஊறியது வெளியேறப் பல வருஷமாகும், குடிக்க ஆகாது என்கிறார்கள். நான் இருக்கும்வரை ஆகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போன ஐப்பசியில் தண்ணீர் மேலே வந்திருந்தது. குழாயில் தண்ணீர் விடாத நாள். நான் துவைகல்லில் உட்கார்ந்திருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மதினி வந்து நிற்கும் அரவம் கேட்டது. அந்தக் காலைக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இதுல துணி துவைக்கலாமா?" என்றாள்.

"துவைக்கலாம் மதினி."

"அது நீங்க சொல்லுதியளா, ஆபீஸுல சொன்னாவளா?"

"ஆபீஸுல சொன்னாவ."

கப்பியில் கயிற்றை மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு வாளியை உள்ளே இறக்கினாள்.