வாசலில் நாலாவது ஜோடி

"அம்மா, வீட்டுக்குள்ள நாம மூணு பேர்தானே இருக்கோம்? வாசல்ல ஏன் நாலு ஜோடி செருப்பு கிடக்கு?"

என் மகள் இரெனா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. மணி மாலை 5.35. இனி நான் எழுதுவதில் ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தாலும் கடவுளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். அதனால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

நவம்பர் முதல் வாரம். எங்கள் ஊரான கோர்ச்சாவிலிருந்து வியோசா ஆற்றுப் பூங்காவுக்குப் போயிருந்தோம். நான், என் கணவர் கிறிஸ்தாக், இரெனா. நினைத்த இடத்தில் பிரிந்து நினைத்த இடத்தில் சேரும் ஆறு அது. நடுநடுவே வெள்ளைக் கூழாங்கல் திட்டுகள். கரையிலிருந்து முந்நூறு அடி தள்ளி ஒரு விருந்தினர் வீடு. அதைத் தனியாக நடத்தி வந்தவள் பொலிக்ஸெனி. அந்த வாரம் எங்களைத் தவிர வேறு ஆளில்லை.

மதியம் 3.20க்குக் கிறிஸ்தாக் கேமராவைத் தோளில் மாட்டினார்.

"அந்தத் திட்டு வரைக்கும் போய் நாலு படம் எடுத்துட்டு அரை மணியில வந்துடறேன். முழங்கால் தண்ணிதான்."

"அண்ணே, மேல மலையில மழை பெய்யுது," என்றாள் பொலிக்ஸெனி. "இங்க வெயில் அடிக்கும்போதே தண்ணி ஏறும்."

"உங்க வாதுமைக்காய் இனிப்ப அஞ்சு தின்னிருக்கேன். எந்த ஆறு என்னைத் தூக்கும்?"

"போகட்டும் விடுங்க," என்றேன் நான். "தொந்தியக் காட்டி ஆத்தைப் பயமுறுத்திட்டு வரட்டும்."

மூவரும் சிரித்தோம்.

அரை மணியில் வருகிறேன் என்றவர் ஒரு மணி நேரம் கழிந்தும் வரவில்லை. 4.30க்குச் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. ஆற்றின் இரைச்சல் மாறியது. அதற்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது.

டொக்... டொக்... டொக்...

"கல்லு உருளுது," என்ற பொலிக்ஸெனியின் முகம் வெளுத்தது. "தண்ணி ஏறிடுச்சு, தங்கச்சி."

ஓடினோம். திட்டுகள் எதையும் காணோம். கரை முழுக்கப் பழுப்பு நீர். தொண்டை கட்டும் வரை கூப்பிட்டேன். 5.10க்கு மின்சாரமும் போனது. காவல் நிலையத்துக்குப் பேசினோம். படகோடு ஆள் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள்.

இரெனாவைத் தனியே விட முடியாமல் வீட்டுக்குத் திரும்பினேன். பொலிக்ஸெனி மாடி வராந்தாவில் நின்று, ஆற்றில் இருப்பவருக்குக் கரை தெரிய வேண்டுமென்று லாந்தரை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். உட்கார முடியவில்லை. சிறு வயதிலிருந்து சொல்லும் ஜெபம் பாதியில் மறந்தது.

அப்பா வந்துவிட்டாரா என்று கதவைத் திறந்து பார்த்த இரெனா, அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

விளக்கோடு போனேன். என்னுடையது. இரெனாவுடையது. பொலிக்ஸெனியின் ரப்பர் செருப்பு. அவற்றுக்குப் பக்கத்தில்...

ஒரு ஜோடி பூட்ஸ். ஆண்பிள்ளையுடையது. கிறிஸ்தாக்குடையது இல்லை. இடது பூட்ஸில் நாடாவுக்குப் பதிலாகச் சிவப்பு நைலான் கயிறு கோத்திருந்தது.

முனைகள் வெளியே பார்த்திருந்தன. விருந்தாளி கழற்றிப் போட்டதை எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் திருப்பி வைப்பார்கள், புறப்படும்போது காலை நுழைத்தால் போதும்.

உள்ளே கை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"அக்கா, வேற யாராவது வந்திருக்காங்களா?" என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன்.

"யாருமில்ல! அவர் வந்துட்டாரா?"

"இல்ல..."

5.55. மறுபடி கதவைத் திறந்தேன். யாரோ வழிப்போக்கன் குளிரில் நிற்கிறானோ என்று தோன்றியது. "யாரா இருந்தாலும் உள்ள வாங்க. அடுப்பு எரியுது," என்றேன். வரச் சொன்னதற்கு அடையாளமாகப் பூட்ஸை வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

6.10. கதவைத் திறந்தேன்.

பூட்ஸ் வெளியே பார்த்திருந்தது.

வாசல் சேற்றில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

மறுபடி தொட எனக்குக் கை வரவில்லை.

6.25. டொக்... டொக்...

6.40. அந்தச் சத்தம் நின்றது.

6.48.

கதவை யாரோ தட்டினார்கள்.

கிறிஸ்தாக்!

உதடு நீலம் பாரித்து, தலை முதல் கால் வரை நனைந்து நின்றார். கட்டிக்கொண்டு அழுதேன்.

"அந்தத் தம்பி எங்க?" என்றார்.

"எந்தத் தம்பி?"

"என்னை இழுத்துட்டு வந்தவன். மார்பளவு தண்ணி... கையை விடவே இல்ல. ஒரு வார்த்தை பேசல. வெறும் சாக்ஸோட அந்தக் கல்லு மேல நடந்தான். எனக்கு முன்னாடி இங்க வந்து, படியில உக்காந்து பூட்ஸ் மாட்டினான். நீ பாக்கல?"

குனிந்து பார்த்தேன்.

மூன்று ஜோடிதான் இருந்தன.

மறுநாள் காலை பொலிக்ஸெனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புக் கயிறு என்றதும் அவள் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

அவளுக்கு லெஃப்தெர் என்று ஒரு தம்பி இருந்தான். பயணிகளை ரப்பர் படகில் அழைத்துப் போகிறவன். நான்கு வருடம் முன்பு இதே அடுப்பங்கரையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஆற்றில் யாரோ அலறினார்கள். பூட்ஸ் போடக்கூட நிற்காமல் ஓடினான்.

"வந்தவரைக் கரையேத்திட்டான். இவன் கால் வழுக்கிடுச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் கிடைச்சான்."

"அப்ப அந்த பூட்ஸ்..."

"பெட்டியில படுக்க வெச்சப்போ நான்தான் அவன் காலுல மாட்டினேன். இடது நாடா அறுந்துபோச்சு. அவன் படகுக் கயித்துலயே ஒரு துண்டு வெட்டிக் கட்டினேன். மூடிக்கு ஆணி அடிச்சதையும் பார்த்தேன், தங்கச்சி."

"கரையேறினவர் என்ன ஆனார்?" என்று கேட்டேன்.

"மறுநாள் முதல் பஸ்ஸுல போயிட்டாரு. இன்னிக்கு வரைக்கும் அவன் கல்லறையில ஒரு மெழுகுவத்தி ஏத்த வரல. என் முகத்தைப் பாக்கப் பயந்திருப்பாரு, பாவம்."

அவள் குரலில் கோபமே இல்லை. அன்று இரவு என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

விடியற்காலை 5.50க்கு, எல்லோரும் உறங்கும்போது, மேட்டிலிருக்கும் கல்லறைக்குத் தனியாக ஏறினேன். லெஃப்தெரின் கல்லை கழுத்துத் துணியால் துடைத்தேன். கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அது கிறிஸ்தாக்குக்காக.

பிறகு இன்னொன்று ஏற்றினேன். பெயர் தெரியாத அந்த மனிதர் ஏற்றியிருக்க வேண்டியது. காற்று இரண்டு முறை அணைத்தது. மூன்றாவது முறை நின்று எரிந்தது. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். அவர்கள் எழுவதற்குள் வீடு வந்து, அடுப்பில் விறகு வைத்தேன்.