சாகுல் சொன்ன முதல் பாகம்

கம்ப்யூட்டர் சூடேறினால் தூசி கருகுகிற ஒரு வாசனை வரும், கவனித்திருக்கிறீர்களா? போன வாரம் என் பழைய கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டின் இரண்டாம் பாகத்தை ஏற்றினேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று மனைவி கேட்டாள். தேவையாகத்தான் இருந்தது. முதல் பாகத்தில் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அப்படிச் சிரித்து ரொம்ப காலமாகிவிட்டது.

அந்த வாசனையோடு சாகுலும் வந்துவிடுவான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் மாமாவின் பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொரோனாவில் போனான்; முகம்கூடப் பார்க்க விடவில்லை. அவன் சென்டரில் இருந்த காலத்தில் நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டும் மெஷினில் நின்றேன். சட்டையெல்லாம் பிளீச்சிங் நெடி. ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறி அவனிடம் போய்விடுவேன். வீட்டில் தங்கை ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கியது. அந்த வருஷம்தான் காய்ச்சலில், மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே, அப்பா மடியில் அவள் போய்விட்டாள். பையைக் கழற்றி வைக்க யாருக்கும் கை வரவில்லை.

அங்கே நாங்கள் விளையாடிய முதல் பாகத்தில் ஒரு தகப்பன் காய்ச்சல்கண்ட மகளைத் தூக்கிக்கொண்டு பனிமலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டாக்டரிடம் போவான். துப்பாக்கியோடு ஆட்கள் துரத்துவார்கள். பேச்சு முழுக்க இங்கிலீஷ். நான் தமிழ் மீடியம். கீழே எழுத்து ஓடுகிற வேகத்துக்கு என் கண் ஓடாது. சாகுல்தான் படித்துச் சொல்வான்.

"எதுக்குலே இம்புட்டுப் பேரு வெரட்டுதாங்க?"

"கல்யாண வீட்டுக்காரங்கல. கை நனைக்காமப் போறாருல்லா, சாப்பிட்டுட்டுப் போங்கன்னு கூப்பிடுதாங்க."

"சுடுதாங்களேலே!"

"கல்யாண வீடுன்னா வேட்டு போட மாட்டாங்களாக்கும்?"

நாற்காலியிலிருந்து விழுந்து சிரிப்பேன். கேலிக்குச் சொல்கிறான் என்று தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. ஆனாலும் விளையாட்டே அப்படி ஒரு சிரிப்புக் கதைதான் என்று நம்பினேன். கடைசியில் தகப்பன் பனியில் உட்கார்ந்திருப்பான், மகள் மடியில் கண்ணை மூடியிருப்பாள். எழுத்து ஓடி முடிகிறவரை படித்துவிட்டு சாகுல் மானிட்டரை அணைத்தான்.

"காய்ச்ச விட்டுருச்சுல. பாப்பா தூங்குது. வா, டீ குடிப்போம்."

டீக்கடையில் அவன் கிளாஸை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தான். நான் வடையும் சேர்த்துத் தின்றேன். அன்று ராத்திரி ரொம்ப நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாம் பாகம் ஒரு சின்னக் கல்லறையில் தொடங்கியது. தகப்பனுக்குத் தாடி நரைத்திருந்தது, குடித்திருந்தான், பார்த்தவனையெல்லாம் கொன்றான். கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் எனக்கு இங்கிலீஷ் பழகிவிட்டது. கதை எழுதினவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அத்தனை கலகலப்பான விளையாட்டை இப்படியா இழவு வீடாக்குவான்? அந்தப் பிள்ளை எப்போது செத்தது?

கோபத்தில் முதல் பாகத்தைத் தேடிப்பிடித்து மறுபடி விளையாடினேன். சிரிப்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. துரத்துகிறவர்கள், காய்ச்சல் பரவிய ஊரிலிருந்து யாரையும் வெளியே விடக் கூடாது என்று சுடுகிற பட்டாளத்தார். டாக்டரிடம் போய்ச் சேருமுன்பே மகள் தகப்பன் மடியில் செத்துப்போகிறாள். எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம் என்று அவன் கெஞ்சுகிறான். எங்கள் அப்பாவும் அப்படித்தான் கெஞ்சினார். அது சாகுலுக்குத் தெரியும்.

ஒரு வரி விடாமல் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் அவன் என்னை டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கிறான்.

அதற்குமேல் என்னால் விளையாட முடியவில்லை. சாகுல் இருந்திருந்தால் இரண்டாம் பாகத்துக்கும் ஏதாவது ஒரு கதை கட்டியிருப்பான். இப்போது எனக்கு எல்லாம் புரிகிறது. எனக்குப் புரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.