வாட வேண்டிய செடி

லிஃப்ட் மெக்கானிக்குகளில் இரண்டு ரகம் உண்டு. புகார் வந்தபின் போகிறவர்கள் ஒரு ரகம்; புகார் வருவதற்கு முன்பே போய் நிற்கிறவர்கள் இன்னொரு ரகம். நம்முடைய ஆள் இரண்டாவது ரகம், அதிலும் கொஞ்சம் முற்றிப்போன கேஸ். கதவு மூடும்போது லேசாக ஒரு முனகல் கேட்டால் போதும், மனுஷனுக்குச் சோறு இறங்காது. பிரேக்கைப் பார்ப்பார், கம்பிவடத்தைத் தடவிப் பார்ப்பார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும், "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடுவோமே" என்று மறுபடி ஏணியில் ஏறுவார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கூட்டாளிகள் அவருக்கு 'எதுக்கும்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "எதுக்கும் அண்ணன் வந்தாச்சா?" என்று போனில் கேட்பார்கள். அவரும் கூச்சமே இல்லாமல் "வந்துட்டேன்" என்பார்.

சும்மா வந்த பயமில்லை அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கட்டடத்தில் கேட்ட சின்ன சத்தத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வந்தார். சாயங்காலமே லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி. ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாக இறக்கிவிட்டார்கள். ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் குரலைக் கேட்டாரே, அது இன்றுவரை அவரை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம்தான். ஒன்று கெடப்போகிறது என்று தெரிந்தால் உடனே சரி செய்துவிட வேண்டும். சரி செய்தது யாருக்கும் தெரியக்கூடாது. இத்தனை வருஷத்தில் அவர் பார்க்கும் கட்டடங்களிலிருந்து ஒரு புகார்கூட ஆபீசுக்குப் போனதில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் மகள் அறிவியல் ஆய்வு செய்யக் கிளம்பினாள்.

அவளுக்குப் பள்ளியில் பிரிவு பிரிவதற்கு முந்தின வருஷம். அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு தனி, செய்முறை ஆய்வு தனி. ஆய்வை அவளே யோசித்து, அவளே செய்து, எழுதி, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் நின்று பதிலும் சொல்ல வேண்டும். அதில் ஏ கிரேடு வாங்கினால்தான் அடுத்த வருஷம் அறிவியல் பிரிவில் இடம். பி என்றால் வேறு பிரிவுக்குப் போய் உட்கார வேண்டியதுதான். அவளுக்கோ அறிவியல் என்றால் உயிர். மூன்றாம் வகுப்பிலேயே சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, அப்பாவை அதைத் திரும்ப மாட்ட வைத்த கழுதை அது.

சமையலறை ஜன்னலோரம் ஐந்து பிளாஸ்டிக் கப்புகளை வரிசையாக வைத்தாள். எல்லாவற்றிலும் ஒரே மண், ஒரே அளவு முளைவிட்ட பயறுச் செடிகள். முதல் கப்புக்கு வெறும் தண்ணீர். அடுத்ததிலிருந்து உப்புத் தண்ணீர், கப்புக்குக் கப்பு உப்பு கூடிக்கொண்டே போகும். எது எவ்வளவு வளர்கிறது என்று தினமும் ஸ்கேல் வைத்து அளந்து எழுத வேண்டும்.

"யாரும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்," என்றாள். வீட்டுக்குப் பொதுவாகத்தான் சொன்னாள், பார்த்தது மட்டும் அப்பாவை.

"நான் ஏம்மா தொடப்போறேன்?" என்றார் அவர், ரோஷத்தோடு.

அவருக்கு விடிகாலை ஷிப்ட். மதியமே வீடு வந்துவிடுவார். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மகள் பள்ளியில். சாயங்காலம்வரை வீட்டில் அவரும் அந்த ஐந்து கப்பும்தான். முதல் சில நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மதியம் பார்க்கிறார், கடைசிக் கப்பில் இலையெல்லாம் மஞ்சள் பூத்து, செடிகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். ஐயோ, செத்துக்கொண்டிருக்கிறதே! செத்த செடியை எடுத்துக்கொண்டு போனால் டீச்சர் என்ன மார்க் போடுவார்? பிள்ளைக்கு ஏ போய்விடுமே!

உப்பு ஊற்றினால் வாடும் என்பதுதான் ஆய்வே என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் கை கேட்டிருக்காது. ஒரு சாமான் கண்ணெதிரே கெடுகிறது, கிட்டே ஆள் இல்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர் தான் ஒருவர்தான். டம்ளரை எடுத்தார். நல்ல தண்ணீரை ஊற்றினார், கப்பின் அடி ஓட்டை வழியாக உப்பெல்லாம் வழிந்து போகும்வரை ஊற்றினார். வழிந்ததைத் துணியால் துடைத்து, கப்பைப் பழைய இடத்திலேயே, பழைய பக்கம் திருப்பி வைத்தார். தொழில் சுத்தம் அப்படி. மறுநாளும் ஊற்றினார், அதற்கு மறுநாளும். செடிகள் நிமிர்ந்துகொண்டன. மனுஷனுக்கு அப்பாடா என்றிருந்தது.

வாரம் திரும்பியதும் பிள்ளை பள்ளியிலிருந்து முகம் செத்துப்போய் வந்தாள். சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவளிடம் அம்மா என்னவென்று கேட்டாள்.

"மத்த கப்புல எல்லாம் உப்பு ஏற ஏற வளர்ச்சி குறையுதும்மா. கடைசிக் கப்பு மட்டும் பாதியில பொழச்சு ஏறுது. டீச்சர் கிராஃபைப் பாத்துட்டு, 'ஒண்ணு ஒழுங்கா அளக்கல, இல்ல வீட்ல உக்காந்து இஷ்டத்துக்கு எழுதிருக்க, ரெண்டுல எது?'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. இப்படியே போனா பி தானாம்."

அப்பா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"பக்கத்துல உக்கார்ற பொண்ணு சொல்றா, அந்த நம்பர மட்டும் மாத்திடு, கோடு அழகா இறங்கிடும்னு. நிறையப் பேர் அப்படித்தான் பண்றாங்களாம்."

"நீ?" என்றாள் அம்மா.

"அளந்தது அதுதானேம்மா. எப்படி மாத்தறது?"

அப்பா தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார். குழாயடியில் நின்றவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளை ஒரு எண்ணைக்கூட மாற்ற மாட்டேன் என்கிறாள். அவர் செடியையே மாற்றி வைத்திருக்கிறார். சொன்னால் என்ன ஆகும்? ஆய்வில் வேறு கை பட்டது என்று தள்ளிவிடுவார்களோ? பி கூடக் கிடைக்காமல் போய்விடுமோ? சொல்லாவிட்டால்? பொய்க் கணக்கு எழுதியவள் என்ற பெயர் பிள்ளைக்கு. மறுநாள் வேலையில் பிரேக்கை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். கூட்டாளிகள் ஆடிப்போய்விட்டார்கள். "அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

அன்றைக்கு மனைவி வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றவிடாமல் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினார். அவள் முதலில் சிரித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"அவகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"திட்டுவாளே."

"திட்டட்டும்ங்க. எல்லார் முன்னாடியும் டீச்சர் கேட்டாங்களே, அத விடவா? போங்க, முதல்ல பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க."

மறுநாள் மதியம் ஷிப்ட் முடிந்த கையோடு, கிரீஸ் படிந்த காக்கியோடு அவர் ஆய்வகத்து வாசலில் போய் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புகார் கொடுக்க வந்திருக்கிறார், அதுவும் தன் மேலேயே. டீச்சர் மகளையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. மகள் வந்து நின்றதும் தரையைப் பார்த்தார். "அந்தக் கடைசிக் கப்புல நாந்தான் நல்ல தண்ணி ஊத்தினேன், டீச்சர். தினம் ஊத்தினேன். பிள்ளைக்குத் தெரியாது. அவ எழுதினதெல்லாம் நிஜம்," என்றார்.

மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன்பா?" என்றாள்.

"வாடிப்போச்சேம்மா. உனக்கு மார்க் போயிடுமேன்னு..."

"வாடணும்பா! அது வாடறதுதான் என் மார்க்கு!"

டீச்சர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்து, "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது," என்றார். இனி இருப்பது ஒரே வழி என்றார்: ஐந்து கப்பையும் புதிதாக முளைக்கவைத்து, ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும். தேர்வாளர் வருவதற்குள் முடித்துவிட முடியும், ஆனால் ஒரு நாள்கூட வீணாகக் கூடாது. ஆய்வகத்தில் இடம் இல்லை, வீட்டில்தான் வைக்க வேண்டும். முதல் தடவை என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

பள்ளி விட்டு வீடு வரும் வழியெல்லாம் மகள் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அவர் நாலடி பின்னாலேயே நடந்து வந்தார். வீட்டுக்கு வந்து புதிய கப்புகளை ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"பகல்ல நீங்கதான் இருப்பீங்க. நீங்கதான் காவல்."

"நானா? வேணாம்மா, பக்கத்து வீட்ல யாரையாவது..."

"நீங்கதான்பா," என்றாள்.

அந்த நாட்கள் அவருக்கு எப்படிப் போயின என்பதை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அவர் சிரிக்கவில்லை. கடைசிக் கப்பு மறுபடி மஞ்சளானது. இலை ஓரம் சுருண்டது. சமையலறைக்குள் போனால்தானே தெரியும் என்று கூடத்தில் உட்கார்ந்தார், உட்கார முடியவில்லை. எட்டிப் பார்த்தார், பார்க்க முடியவில்லை. குடிக்கிற தண்ணீரைக்கூட சமையலறையில் வைத்துக்கொள்ளப் பயந்து, சொம்பைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தார். ஒரு நாள் தாங்காமல், ஒரு குறையும் இல்லாத ஒரு லிஃப்டுக்குப் போய் எண்ணெய் போட்டுவிட்டு வந்தார். செடிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. காப்பாற்றத் தெரிந்த கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு சாவைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன கொடுமை என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

தேர்வாளர் வந்த நாளில் லீவு போட்டுவிட்டு, ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு முழுதாக மூடவில்லை. அதன் கீலில் எண்ணெய் இல்லை என்பதை இந்த நிலைமையிலும் அவர் காது கவனித்தது. உள்ளே தேர்வாளர் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. வயதான அம்மாள், குரலில் கனிவு என்பதே கிடையாது.

"முதல் சோதனையில உங்க அப்பா தண்ணி ஊத்திட்டாருன்னு எழுதிருக்க."

"ஆமா மேடம்."

"ரெண்டாவது சோதனைக்குப் பகல்ல காவல் யாரு?"

"அப்பாதான்."

"அதே அப்பாவா?"

"ஆமா மேடம்."

வெளியே அதே அப்பா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். போச்சு, எல்லாம் போச்சு. தன்னைக் காவல் வைக்க வேண்டாம் என்று அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டாரே!

"அப்போ இந்தத் தடவ அவர் ஊத்தலன்னு எப்படி நம்பறது? உன்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு?"

மகள் கிராஃப் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"இந்தத் தடவ எல்லாக் கப்பும் ஒரே வரிசையில இறங்குது, மேடம். அது ஒண்ணு," என்றாள் மகள். "இன்னொண்ணு, முதல் தடவை ஊத்தினத யாரும் கண்டுபிடிக்கல. அவராதான் வந்து சொன்னாரு. இந்தத் தடவையும் ஊத்திருந்தா, இந்நேரம் உங்க முன்னாடி வந்து நின்னுருப்பாரு. எங்கப்பாவால சொல்லாம இருக்க முடியாது."

பெஞ்சில் இருந்தவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதார். அவர் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் மகள் வெளியே வந்துவிட்டாள்.

"ஏ குடுத்துட்டாங்கப்பா."

"நிஜமாவா? சரியாக் கேட்டியா?"

"என் கண்ணு முன்னாடியே எழுதினாங்கப்பா."

அவர் எழுந்து, அவள் தலையில் கை வைத்தார். சந்தோஷமாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் முகம் மறுபடி மாறியது. கதவை ஒரு தடவை பார்த்தார், மகளை ஒரு தடவை பார்த்தார்.

"ஒரு நாள் அந்தக் கடைசிக் கப்புல ஒரு இலையைத் தொட்டுப் பாத்தேம்மா," என்றார் ரகசியக் குரலில். "தண்ணி ஊத்தல, சத்தியமா. தொட்டு மட்டும்தான் பாத்தேன். எதுக்கும் உள்ள போய் அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடட்டுமா?"

மகள் அவர் கையை இறுக்கப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் இழுத்துப் போனாள்.