ஆறாவது கண்ணாடி

எங்கள் பள்ளிக்கூடத்துப் பட்டறை வாவிக்கரையில் இருந்தது. கண்ணாடி போடாத எவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது தொழில் வாத்தியாரின் சட்டம். நல்ல சட்டந்தான். ஆனால் நாங்கள் ஆறு பேர், பள்ளிக்கூடம் கொடுத்த காப்புக் கண்ணாடியோ ஐந்து. வாத்தியாரிடம் அவருடையது ஒன்று இருந்தது. ஆறாவது ஆள் நான். மற்றவர்கள் நெல் வெட்டும் தாக்கத்திக்குச் சாணை பிடிக்க, நான் வாசலில் நின்று பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதைக் கேட்டதும் தோணிக்கார மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"அஞ்சு செஞ்சவனுக்கு ஆறாவது செய்யத் தெரியாதாமா? நான் தாறன் மருமகன்!"

இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளின் அடியை அறுத்து, உடைந்த படத்தின் கண்ணாடியை வெட்டிப் பதித்து, தோணி ஓட்டை அடைக்கிற குங்கிலியத்தை உருக்கி ஊற்றி, வலைக்கயிற்றால் வாரும் கட்டித் தந்தார். போட்டுக்கொண்டு நடந்தேன். நாய்கள் குரைத்தன. எனக்கோ ராசா நடை.

தன் கைவேலையின் வெற்றியைப் பார்க்க மாமாவும் கூடவே வந்திருந்தார். வாத்தியார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல கைவேலை" என்றார். பிறகு மரக்குற்றியில் வைத்து, சாணையடியில் கிடந்த இரும்புச் சில்லொன்றை எடுத்து எறிந்தார். சடார்!

"நீங்க எறிஞ்சா உடையாம என்ன செய்யும்?" என்று மாமா பாய்ந்தார்.

"சாணை மட்டும் சொல்லிப்போட்டா எறியும்? உள்ளுக்குப் பாருங்க."

சிரட்டைக்குள் ஊசி ஊசியாகக் கண்ணாடித் துண்டுகள். நான் அழுதேன். கண்ணை நினைத்தல்ல, மாமாவின் மானம் போனதே என்றுதான்.

வாத்தியார் தம் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றி, பின்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கி, என் தலையில் மாட்டிவிட்டார். "போ, சாணையப் பிடி."

இன்றும் ஊசியில் நூல் கோக்க எனக்கு யாரும் உதவ வேண்டியதில்லை. இந்த இரண்டு கண்களும் அவர் தந்தவை என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அன்றுமுதல் அந்த வருசம் முழுவதும் அவர் பட்டறை வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றபடியே, "கையத் தாழ்த்து! முகத்தத் திருப்பு!" என்று கத்திக் கத்திப் படிப்பித்தார். வாத்தியாருக்குச் சோம்பல் பிடித்துவிட்டது என்று பொடியன்கள் சிரித்தார்கள். அவருடைய கண்ணாடிக்குள் இருந்துகொண்டு நானும் சிரித்தேன்.