ஓடாத பத்து நாள்

கிளியம்மாளுக்கு ஓட்டம் பழகியது பேருந்தால். மண்ணூரில் அவள் வேலை பார்த்த போல்ட் கம்பெனியில் முதல் ஷிப்ட் இரண்டரை மணிக்கு முடியும். அவள் ஊர்ப்பக்கம் போகிற பேருந்து இரண்டு இருபதுக்கே போய்விடும். அடுத்தது ஐந்து மணிக்கு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இரண்டும் பூட்டிய வீட்டின் முன்னால் காத்துக் கிடக்கக் கூடாது என்று, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒன்பது கிலோமீட்டரையும் ஓடியே கடப்பாள். மூன்று வருடம் அப்படி ஓடியதில், முப்பது வயதில், அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் பெண்பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டது.

1991 ஆடி மாதத்தில் பர்சனல் ஆபீசர் ஸ்ரீதர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தொழிலாளர் ஓட்டப் போட்டி வருது கிளியம்மா. பொம்பளைங்களுக்குப் பதினஞ்சு கிலோமீட்டர். இந்த மாசக் கடைசியில காஞ்சிபுரம், புரட்டாசியில செங்கல்பட்டு. ரெண்டுல ஒண்ணுல முதல் மூணு பேருக்குள்ள வந்துடு. உன்னைப் பர்மனன்ட் பண்ண முதலாளி சரின்னுட்டார்."

"வரலைன்னா சார்?"

"தீபாவளியோட கேஷுவல் ஆளுங்க எல்லாரையும் நிறுத்தறாங்க. என் கையில ஒண்ணும் இல்லம்மா."

காஞ்சிபுரத்துக்கு முந்தின வாரம் அவள் செய்யாதது எதுவும் இல்லை. விடியலில் ஒரு ஓட்டம், மத்தியானம் ஒரு ஓட்டம். இடையில் ஒரு நாள் டபுள் ஷிப்ட். போதாததற்கு, நாத்தனார் பாஞ்சாலி அவளுக்காக ஒரு வேண்டுதலை நேர்ந்து வைத்திருந்தாள். ஆடிக் கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலைமேல் பால்குடம், பிறகு நூற்றெட்டு சுற்று அடிப்பிரதட்சணம். குதிகாலோடு விரலை ஒட்டி வைத்து, சுடுகல்லில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து முடிப்பதற்குள் கிளியம்மாளின் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. பந்தயத்துக்கு அப்போது மூன்று நாள்தான் இருந்தது.

காஞ்சிபுரத்தில் ஒன்பதாவது கிலோமீட்டர் வரை அவள் இரண்டாவதாக ஓடினாள். அதற்குப் பிறகு கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பதினோராவதாக வந்தாள்.

"நூத்தியெட்டுல எங்கியோ எண்ணிக்கைய வுட்டுட்ட," என்றாள் பாஞ்சாலி. "அதான் முருகன் கால வாரி வுட்டுட்டாரு."

ரோஷம் தாங்காமல் மறுநாளே ஓடினாள் கிளியம்மாள். அதற்கடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் ஓடினாள். முன்பெல்லாம் அவள் ஏரிக்கரையில் ஏறும்போது பள்ளிக்கூடம் விடும் மணி அடிக்கும். இப்போது ஏரிக்கு வெகு முன்னால் இருக்கும் செங்கல் சூளையைத் தாண்டும் முன்பே அடித்தது. மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஓட ஓட நேரம் கூடிக்கொண்டே போனதே தவிர குறையவில்லை.

பிறகு கம்பெனியில் பெரிய பிரஸ் மெஷின் உடைந்தது. எட்டு நாள் கம்பெனி மூடிக் கிடந்தது. பயத்தில் முதல் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். ஓடுவதற்கு மனமே வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது.

ஒன்பதாம் நாள் வேலை முடிந்து ஓடினாள். ஏரிக்கரையைத் தாண்டி, தெருமுனைக்கு வந்த பிறகுதான் மணி அடித்தது. நின்று மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்தாள். நூற்றெட்டு சுற்றும் டபுள் ஷிப்டும் பிடுங்கியதை, சும்மா கிடந்த எட்டு நாள் திருப்பிக் கொடுத்திருக்கிறது. யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கால்தான் சொன்னது.

அன்றே முடிவு செய்தாள். செங்கல்பட்டுக்குப் பத்து நாள் முன்னால் ஓட்டத்தை நிறுத்திவிடுவது. வேலை முடிந்து ஐந்து மணிப் பேருந்து. நடுவில் ஒரே ஒரு நாள், ஏரிக்கரை வரை மட்டும் மெதுவாக ஒரு ஓட்டம். பிள்ளைகளை அதுவரை பக்கத்து வீட்டில் விட ஏற்பாடு செய்தாள்.

ஓடுவதைவிடச் சும்மா இருப்பதுதான் பாடாக இருந்தது. ஓவர்டைம் வேண்டாம் என்று அவள் சொன்னதும், லைனில் பக்கத்தில் நிற்கும் ஞானம்மா வாயைப் பிளந்தாள்.

"ஓ.டி. வேணாமா? உனக்கா? இன்னாடி, முழுகாம கீறியா?"

"வாய மூடு அக்கா. கால் அசரக் கூடாது, அவ்ளோதான்."

வீட்டில் அதைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை, வீட்டை ஒட்டியிருந்த பாஞ்சாலியின் நிலத்தில் நடவு. குனிந்து நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் தொடை என்னவாகும் என்று கிளியம்மாளுக்குத் தெரியும்.

"அண்ணி, இந்தத் தபா நான் வர்ல. பந்தயம் முடியட்டும், களையெடுக்க நாலு நாள் வரேன்."

"ஓ! மகாராணிக்குக் கால்ல சேறு படக் கூடாதா? சரி, மலைக்காவது வருவியா? போன தபா வுட்டத சேத்துச் சுத்தணும்."

"அதுவும் முடிச்சிட்டுத்தான்."

"சாமிகிட்டயே கடன் சொல்றா பாரு!"

கிளியம்மாள் வாயாடி இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் சொன்னதை மாற்றவில்லை. அவள் புருஷன் நடேசன் லாரி கிளீனர். அவன்தான் வேட்டியை மடித்துக் கட்டினான்.

"நான் வரேங்க்கா நடவுக்கு."

"நீயா? ஆம்பள நாத்து நட்டா ஊரே சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும். சிரிச்சிக்கினே நடலாம்."

பெண்கள் வரிசையில் அவன் ஒருவன் கோணலும் மாணலுமாக நட்டான். "மாமா, குலவை போடத் தெரியுமா?" என்று கேட்டு அவர்கள் அவனை உரித்தெடுத்துவிட்டார்கள். கிளியம்மாள் வீட்டுக்குள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டாள். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. எழுந்திருக்கவில்லை.

செங்கல்பட்டில் முப்பத்திநாலு பேர் ஓடினார்கள். ஐந்தாவது கிலோமீட்டரில் அவள் எட்டாவது. அவசரப்படவில்லை. ஒன்பது தாண்டியதும், போன முறை கால் மக்கர் பண்ணிய இடம் வருகிறதே என்று காத்திருந்தாள். கால் மக்கர் பண்ணவில்லை. பன்னிரண்டில் ஐந்தாவது. கடைசி ஏற்றத்தில், வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களைக் கடந்தாள். மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டி, வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீதர் பர்மனன்ட் ஆர்டரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"வர்ற ஞாயிறு வேலூர்ல ஒண்ணு இருக்கு. பேர் குடுத்துட்டேன். ஓடிடறியா?"

"முடியாது சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆறு மாசம் புரொபேஷன்மா உனக்கு. ஞாபகம் இருக்கா?"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்குது சார். காஞ்சிபுரம் முடிஞ்சதும் நிறுத்தாம ஓடினு இருந்தேன், கெட்டுப்போச்சு. மூணு வாரம் இந்தக் கால் ஓடாது. அதுக்கப்புறம் எங்க சொன்னாலும் ஓடும். இப்ப ஓடினா உங்களுக்குப் பதினோராவது ஆள்தான் கிடைக்கும்."

ஸ்ரீதர் வேலூர்த் தாளை எடுத்து அவள் பெயரை அடித்தார்.

"மூணு வாரம்னா எந்தத் தேதி?"

அவள் விரல் விட்டு எண்ணித் தேதியைச் சொன்னாள்.